ஒரு பொட்டுத் துரு

மாதப்பனுக்கு இந்த உலகத்தில் யார்மீதும் பகை கிடையாது. பஸ் முதலாளி வாய்க்கு வந்தபடி வைதாலும் சிரித்துக்கொண்டு நிற்பான். எடை குறைத்துப் போடுகிற வெங்காயக்காரனிடமே மறு வாரமும் போய் வாங்குவான். ஆனால் துரு என்ற பேச்சு எடுத்தால் போதும், முகம் கறுத்துவிடும். வேலி ஆணியில் செம்பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் நின்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். மைசூர் லக்ஷ்மிபுரத்தில் கைலாசநாதன் என்ற ரிடையர்டு அதிகாரியின் வீட்டில் அவன் டிரைவராக இருந்த காலம் முழுக்க அந்த வீட்டுக் கேட்டிலோ, கிணற்று வாளியிலோ, ஜன்னல் கம்பியிலோ துரு தலைகாட்டியதில்லை. தெருவில் அவனைக் கேலி பண்ணாதவர்கள் இல்லை. "பெண் பார்க்கப் போன இடத்திலே மாதப்பன் முதலில் மூக்குத்தியைத்தான் சுரண்டிப் பார்த்தானாம்" என்று எதிர்வீட்டுக் கமலம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அவன் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. சிரித்தவர்களுக்கு அது தெரியாது.

சொந்த ஊர் மாதேசுவரன் மலைப்பக்கத்து மார்டள்ளி. ராகியும் சோளமும் போடுகிற மேட்டுக்காடு, மழை வந்தால் சோறு. மழை வராமல் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் போனபோது அண்ணன் சென்னப்பன் கொள்ளேகாலுக்கு இறங்கி ஒரு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தான். பின்னாலேயே தம்பியையும் இழுத்துக்கொண்டான். மாதப்பன் வண்டி கழுவி, டயர் மாட்டி, ஓட்டக் கற்று, அதே பஸ்ஸுக்கு டிரைவர் ஆனான். அண்ணன் பின்னால் விசில் ஊத, தம்பி முன்னால் ஓட்ட, கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் நடுவே அவர்கள் காலம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும் நடையில் வாரம் இரண்டு தடவை மைசூர் கூட்ஸ் ஷெட்டிலிருந்து பஸ்ஸின் கூரைமேல் உப்பு மூட்டை ஏறும். மழை நாளில் உப்புத் தண்ணீர் பஸ்ஸின் பக்கவாட்டில் கோடு கோடாக இறங்கிப் படிக்கட்டில் போய்த் தேங்கும். ஒருநாள் படியின் அடிப்பக்கத்தை மாதப்பன் விரலால் அழுத்திப் பார்த்தான். அப்பளம் போல் உதிர்ந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் அதன்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பார்ப்பதற்குப் புதுசாட்டம்தான் இருந்தது.

நரசிபுரத்தைத் தாண்டி ஒரு வளைவில் அந்தப் படி ஒடிந்தது. அதன்மேல் நின்றுகொண்டிருந்தவன் சென்னப்பன். பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியதை மாதப்பன் ஸ்டீயரிங் பிடித்திருந்த கையில் உணர்ந்தான். கல் என்றுதான் முதலில் நினைத்தான்.

மைசூர் ஆஸ்பத்திரியில் சென்னப்பன் மறுநாள் மதியம்வரை உயிரோடு இருந்தான். வந்தவர்கள் எல்லாரும் தலையெழுத்து என்றார்கள், விதி என்றார்கள், சிலர் டிரைவரைப் பார்த்து எதுவும் சொல்லாமல் போனார்கள். ஒரே ஒருத்தர்தான் வராந்தாவில் அவன் பக்கத்தில் வந்து நின்று, "படி எப்படிப்பா ஒடிஞ்சுது?" என்று கேட்டார். சின்ன வயசு டாக்டர், பெயர் வைத்யநாதன். மாதப்பன் மடியிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்து நீட்டினான். டாக்டர் அதைக் கையில் வாங்கி அழுத்தினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"மேலே பெயிண்ட் அடிச்சிருக்கே."

"ஆமாங்க. அடியில துருவுங்க. உப்புத் தண்ணி எறங்கின துரு. நாஞ் சொன்னேனுங்க. யாரும் கேக்கலீங்க."

டாக்டர் கையில் ஒட்டிய செம்பொடியை உடனே தட்டிவிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மாதப்பன் தன் ஆயுசு முழுக்க அவருக்குக் கட்டுப்பட்டவன் ஆகிவிட்டான்.

பஸ் ஓட்டுவதை அதோடு விட்டான். செங்கல் சூளையில் மாட்டு வண்டி ஓட்டினான். இரண்டு வருஷம் கழித்து, நாற்பதாம் வருஷம் தை மாதம், வைத்யநாதன் புதுக் கார் வாங்கியபோது எங்கெங்கோ விசாரித்து ஆளனுப்பினார். கறுப்புக் கார். வெயிலில் நின்றால் முகம் பார்த்துத் தலை சீவலாம். மாதப்பன் அதைச் சுற்றிவந்து பார்க்கவில்லை, ஹாரன் அடித்துப் பார்க்கவில்லை. கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தான்.

"ஓட்டறவன் வேணும்னு கூட்டிண்டு வந்தா, இவன் அடியிலேயே குடித்தனம் பண்றானே!" என்றார் டாக்டரின் அப்பா கைலாசநாதன்.

ஊரிலிருந்து பெண்டாட்டி லிங்கம்மாவைச் சொல்லி மலைத் தேன்மெழுகு வரவழைத்தான். அதை விளக்கெண்ணெயில் போட்டு உருக்கி, சூடு ஆறுவதற்குள் வண்டியின் அடி முழுக்கத் தூரிகையால் தடவினான். மழையில் போய் வந்தால் சக்கரத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் சேற்றை விரல்விட்டு எடுத்துக் கழுவி, பழைய வேட்டியால் ஈரம் போகத் துடைத்து, அதற்கப்புறம்தான் தன் தலையைத் துவட்டுவான். ஒரு வருஷம் ஆகியும் கார் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது.

அப்புறம் யுத்தம் வந்து டாக்டர்களைக் கூப்பிட்டது. நாற்பத்தொன்று ஆவணியில் வைத்யநாதன் பட்டாளத்து டாக்டராகக் கப்பல் ஏறப் புறப்பட்டார். ஒரே பிள்ளை, கல்யாணம்கூட ஆகவில்லை. கைலாசநாதன் வாசல்வரை வந்து, திரும்ப உள்ளே போய்விட்டார். அம்மா கனகலக்ஷ்மி வாசற்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை அம்மாவைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிப் பேசியிருக்க வேண்டும்.

"மாதப்பா, நான் திரும்பி வந்ததும் அம்மா கையால காபிகூட அப்புறம்தான். முதல்ல வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வண்டிக்கு அடியிலே ஒரு இழுப்பு இழுப்பேன். ஒரு பொட்டுத் துரு ஒட்டித்தோ, உனக்கு இருக்கு!"

கனகலக்ஷ்மி சிரித்தார். மாதப்பன் சிரிக்கவில்லை. பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"ஒரு பொட்டு இருக்காதுங்க சின்னய்யா. இது என் அண்ணன் மேல சத்தியமுங்க."

பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. காரை ஷெட்டில் நிறுத்தி, நாலு மரக்கட்டை கொடுத்து, டயர் தரையில் படாமல் தூக்கிவைத்தான். எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டுத் தினமும் காலையில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கட்டும் என்று முன்சீட்டில் ஒரு கூடை அடுப்புக்கரி வைத்தான், வாரம் ஒருதரம் அதை வெயிலில் காயப்போட்டு எடுத்தான். கோழி அடைகாத்தது போலத்தான் காத்தான். மாசி மாதம் சிங்கப்பூர் விழுந்துவிட்டதென்று பேப்பரில் வந்தது. வைத்யநாதன் அங்கேதான் இருந்தார். அதற்கப்புறம் கடிதம் இல்லை.

பிள்ளை புறப்பட்டுப் போன மறு மாதத்திலிருந்தே ஒவ்வோர் அமாவாசையன்றும் காலையில் கனகலக்ஷ்மி குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஷெட்டுக்கு வருவார். கையை மூடிக்கொண்டு வருவார். காரின் பின்கதவைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். பெற்ற வயிறு, உட்கார்ந்து அழுகிறார்கள் என்று நினைத்து மாதப்பன் அந்த நேரம் கிணற்றடிக்குப் போய்விடுவான்.

அடுத்த ஆடியில் மைசூரில் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் பின்சீட்டைக் காயவைக்கலாமென்று தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். அடியில் மஞ்சள் துணியில் கட்டிய முடிச்சுகள், பத்து இருந்தன. எல்லாம் நசநசவென்று நனைந்திருந்தன. அவற்றிலிருந்து கசிந்த தண்ணீர் தகரத்தில் ஓடி, ஓடிய வழியெல்லாம் பழுப்பாகக் கொப்பளித்திருந்தது. ஒரு முடிச்சைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தான். உப்பு.

அந்த நிறத்தை அவன் கடைசியாகப் பார்த்தது பஸ் படிக்கட்டின் அடியில்.

அவன் தேடிப் போவதற்குள் கனகலக்ஷ்மியே கொல்லைப்புறம் வந்தார். தூக்கிய சீட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தொட்டுட்டியா?"

"இல்லீங்கம்மா... ஒண்ணைத்தானுங்க. இது என்னங்கம்மா?"

"எங்காத்து வழக்கம். சமுத்திரம் தாண்டிப் போனவாளுக்கு அமாவாசைக்கு அமாவாசை ஒரு பிடி கல்லுப்பு சுத்தி, திரும்பி வந்தா எதை முதல்ல தொடுவாளோ அதுக்குள்ளே முடிஞ்சு வைக்கணும். வந்தப்புறம் அவாளே தன் கையால அத்தனையையும் ஆத்துல கரைக்கணும். என் பிள்ளை என்னையா முதல்ல தொடுவான்? இதைத்தானே தொடுவான்!" சொல்லும்போது உதடு சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை.

"அம்மா, வேற எடத்துல வெச்சா ஆகாதுங்களா? பூஜை ரூமுல..."

"வெச்ச இடத்தை மாத்தப்படாது. மாத்தினா அவன் உசுருக்கு ஆகாது. ஐயாகிட்டே சொல்லிடாதே, பரிகாசம் பண்ணுவார். நீ சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும்."

மாதப்பன் தலையை ஆட்டினான். உப்பு தகரத்தைத் தின்னுகிறது என்று சொல்ல வாய்வரை வந்ததுதான். பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத ஒரு தாயிடம், உன் பிடி உப்பால் வண்டி கெடுகிறது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏதாவது பீங்கான் சாடி கொண்டுவந்து அதற்குள் முடிச்சுகளைப் போட்டு அதே சீட்டடியில் வைத்திருப்பார்களோ என்னவோ. இந்த யோசனை அவனுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. வந்த அன்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டான்.

நாலு நாள் சீட்டைத் தூக்கிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான். ஐந்தாம் நாள் பழுப்பு இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. சின்னய்யா வந்து கைக்குட்டையை எடுப்பார், சத்தியம் பண்ணினவன் தலைகுனிந்து நிற்க வேண்டும். அவர் டாக்டர், இந்த உப்பு சுற்றுவதையெல்லாம் அவரே நம்ப மாட்டார். இப்படித் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி மனசைச் சரிக்கட்டினான். பகலில் அம்மா படுத்திருந்த நேரம் பார்த்துப் பத்து முடிச்சையும் அவிழ்த்தான். பக்கத்து மனையில் வீடு கட்ட வண்டிவண்டியாக வந்து குவிந்திருந்த காவேரி மணலிலிருந்து பத்துப் பிடி எடுத்து, அலசிக் காயவைத்த அதே துணிகளில் கட்டினான். அம்மா போடுகிற முடிச்சு மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே வாங்குகிற முடிச்சு. அதையும் அப்படியே போட்டான். உப்பை வாசல் சாக்கடையில் ஓடுகிற மழைத் தண்ணீரில் கொட்டினான்.

"மாதேசுவரா, பாவமுன்னா எம்மேல போடு, அவர் மேல போடாத" என்று வாய்விட்டுச் சொன்னான்.

மண்ணெண்ணெயும் செங்கல் பொடியும் வைத்து மூன்று நாள் தேய்த்தான். தகரம் வெள்ளையாகச் சிரித்தது. மெழுகு தடவினான். அதற்கப்புறம் ஒவ்வோர் அமாவாசைக்கும் மறுநாள் புது முடிச்சை அவிழ்த்து உப்பைக் கொட்டி மணலைக் கட்டிவைப்பது வழக்கமாகிவிட்டது.

நாற்பத்துமூன்று ஐப்பசியில் ஒரு தபால் அட்டை வந்தது. ஜப்பான்காரன் பிடித்துவைத்திருக்கும் கைதிகள் எழுதுகிற அட்டை. சௌக்கியமாக இருக்கிறேன் என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே வைத்யநாதனின் கையெழுத்து. கனகலக்ஷ்மி அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே ஓடிவந்தார்.

"பார்த்தியா மாதப்பா? உப்பு காப்பாத்தறது!"

மாதப்பன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அன்று இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் காருக்கு இரண்டாம் தடவை மெழுகு பூசினான். பைத்தியக்காரன், அட்டை எழுதின தேதியை யாரும் பார்க்கவில்லை என்பதை அவனும் யோசிக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். மாதப்பன் டயருக்குக் காற்றடித்து, சீட்டுகளை வெயிலில் போட்டு, வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வண்டியின் அடியில் தானே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டான். நாற்பத்தைந்து ஐப்பசியில் சர்க்கார் கடிதம் வந்தது. கைலாசநாதன் வராந்தாவில் நின்று அதைப் படித்தார். காட்டுக்குள்ளே ரயில்பாதை போடக் கொண்டுபோன கைதிகள் முகாமில் காலரா பரவியிருக்கிறது, கடைசிவரை மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வைத்யநாதனுக்கும் அது தொற்றியிருக்கிறது.

"தேதி என்ன போட்டிருக்கு?" என்று கனகலக்ஷ்மி கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நாற்பத்துமூணு... மே மாசம். நம்ம வைகாசி."

வராந்தாவுக்குக் கீழே நின்றிருந்த மாதப்பன் மாதங்களை எண்ணினான். முதல் முடிச்சை அவிழ்த்தது அதற்கு முந்தின ஆடி. ஆடியிலிருந்து வைகாசிக்குப் பத்து மாதம். பத்து மாதமும் அவர் பெயருக்கு இருந்தது மணல். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டபோது அவன் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உடல் இல்லாதவனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். பதின்மூன்று நாளும் முடிந்தது. கைலாசநாதன் அறையைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினார். அதற்கடுத்த நாள் காலையில் கனகலக்ஷ்மி ஷெட்டு வாசலில் வந்து நின்றார். கண் வற்றிப்போயிருந்தது.

"வண்டியை இறக்கு. பச்சிமவாஹினிக்குப் போகணும்."

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் காவேரி மேற்கே திரும்புகிற இடம் அது. மைசூர்க்காரர்கள் அஸ்தி கரைப்பது அங்கேதான்.

"அங்க எதுக்குங்கம்மா?" என்றான், தெரிந்துகொண்டே.

"எலும்பு இல்லை. சாம்பல் இல்லை. புல்லைக் கொளுத்தி அதுதான் உன் பிள்ளைன்னா, நான் எப்படி ஒத்துக்கறது? அவன் தலையை நினைச்சு நான் சுத்தின உப்பு இருக்கு. அதுதான் அவன். அவன் கையால கரைக்கக் குடுத்துவைக்கலை. நான் கரைச்சுட்டா அவனுக்கு இந்தப் பக்கத்துப் பந்தம் விட்டுடும். நிம்மதியாப் போவான்."

எங்கெங்கோ கேட்டுப் பெட்ரோல் வாங்கி வந்தான். நாலு வருஷம் கட்டையில் நின்ற வண்டி மூன்றாவது சுற்றுக்கே உயிர்பிடித்தது. வேறு நாளாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான். கனகலக்ஷ்மி பின்சீட்டைத் தூக்கச் சொல்லி, தன் கையாலேயே நாற்பத்தொன்பது முடிச்சையும் ஒரு பித்தளைக் கூடையில் எடுத்துவைத்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வழி நெடுகச் சொல்லப் பார்த்தான். மரநிழலில் ஒருதரம் வண்டியை நிறுத்தி, டயரைப் பார்க்கிறேன் என்று இறங்கி, பார்க்காமலே ஏறினான். வாயைத் திறந்தால் அந்த அம்மாளிடம் மிச்சமிருப்பதும் போய்விடும். திறக்காவிட்டால் ஆற்றில் போய்த் தெரியும். கண்ணாடியில் பார்த்தான். அவர் கூடையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தார். மாதப்பன் கோழை. அன்றைக்கு அவனும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

வெயில் ஏறாத நேரம். படித்துறையில் ஜனம் அதிகமில்லை. கனகலக்ஷ்மி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றார். கூடையைப் பிடித்துக்கொண்டு மாதப்பன் மேல்படியில் நின்றான். முதல் முடிச்சை அவிழ்த்தார். பிள்ளை பெயரைச் சொல்லித் தண்ணீரில் விட்டார். கரைவதற்காகக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் தெளிவாக இருந்தது. விட்டது விட்டபடி அவர் காலடியில் போய்ப் படிந்தது. இரண்டாவதை அவிழ்த்தார். அதுவும் அப்படியே.

"கரையலையே மாதப்பா."

மூன்றாவது முடிச்சைப் பிரித்துக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

கூடையைக் கீழே வைத்துவிட்டு மாதப்பன் படியிலேயே நெடுஞ்சாண் கிடையாக விழுந்தான்.

"நாந்தானுங்கம்மா மாத்தினேன். உப்பு வண்டியத் தின்னுதுங்க. சின்னய்யாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேனுங்க. ஒரு பொட்டுத் துரு இருக்காதுன்னு. என்ற அண்ணனைத் தின்னது அதுதானுங்க, பொறுக்க மாட்டாம பண்ணிப்போட்டேன். வண்டியக் காப்பாத்தினேன், அவரைக் கொன்னுபோட்டேனுங்கம்மா..."

"எப்போ?"

"மொத ஆடியிலயேங்க."

கனகலக்ஷ்மி விரல்கணுவில் கட்டைவிரலை வைத்து எண்ணினார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. உதடு அசைவது தெரிந்தது. மாதப்பன் தலையைத் தூக்கி அந்த விரலையே பார்த்துக் கிடந்தான். வைகாசியில் வந்து விரல் நின்றது.

"உப்பை என்ன பண்ணினே?"

"மழைத் தண்ணியில விட்டுட்டேனுங்க. ஒண்ணொண்ணும். கரைஞ்சு போச்சுங்க."

"திட்டுங்கம்மா" என்று கெஞ்சினான். "ஒரு வார்த்தை திட்டிப்போடுங்க. காலால ஒதைங்க."

"உன்னைத் திட்டி?" என்றார் அவர். தன்னிடமே கேட்பது போல இருந்தது. "வேண்டாம்னு அப்பவே என்கிட்டே சொல்லியிருக்கலாமோன்னோ நீ. சொல்லலை. சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்."

மிச்ச முடிச்சுகளை அவிழ்க்காமலே ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டார். கூடை காலியானதும், முதலில் அவிழ்த்த மஞ்சள் துணி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படியேறினார். வண்டிக்கு வந்தவர் கதவைத் திறக்கவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துணியை விரித்துக் கையில் சுற்றி, முழங்கைவரை வண்டிக்கு அடியில் விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பாக இழுத்தார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் ரோட்டுப் புழுதி. துணியை மாதப்பன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஒரு பொட்டு இல்லை மாதப்பா. அவனுக்குப் பதிலா நான் பார்த்துட்டேன்."

அண்ணன் செத்தபோது அழாத மனுஷன், அந்த வண்டியின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். கனகலக்ஷ்மி அவன் அழுது முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் இருவரும் வீடு திரும்பினார்கள். அவன் வழக்கம்போல வண்டியின் அடியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தான்.

தையில் அந்தக் கார் வேறு கைக்குப் போயிற்று. மாதப்பன் மார்டள்ளிக்குத் திரும்பி, அண்ணன் பங்கையும் சேர்த்து உழுதான். அவனுக்கென்று லிங்கம்மா தனியாக ஒரு சட்டியில் உப்பில்லாமல் குழம்பு வைக்க வேண்டியிருந்தது. உடம்புக்கு என்ன என்று முதல் வருஷம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் கேட்காமலே வைத்தாள்.